கேஜ் டேங்க் போதுமா, சர்ஜ் டேங்க் வேண்டுமா? கிணற்றுச் சோதனையில் எண்ணெய் அளக்கும் தொட்டிகள்

இரவுப்பணி:

வணக்கம். கிணற்றுச் சோதனைக் குழுவில் செப்பரேட்டர் பொறுப்புக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அடுத்து வருவது ஓர் ஆய்வுக் கிணறு. நாளொன்றுக்கு 1,500 முதல் 2,400 பேரல் வரை எண்ணெய் வரலாம் என்று திட்ட அறிக்கை சொல்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு பற்றி ஒரே வரிதான்: ‘எதிர்பார்க்கப்படவில்லை’.

பட்டியலில் இருப்பவை: எண்ணெய், எரிவாயு, தண்ணீர் மூன்றையும் பிரிக்கும் செப்பரேட்டர், இரண்டு அறை கொண்ட 100 பேரல் கேஜ் டேங்க், அதற்குப் பின்னால் மூன்று சேமிப்புத் தொட்டிகள். சர்ஜ் டேங்க் இல்லை. ‘சல்ஃபைடு இல்லாத கிணற்றுக்கு அது எதற்கு?’ என்று கேட்டுவிட்டார்கள். வாடிக்கையாளர் தரப்பில், அரை மணிக்கு ஒருமுறை தொட்டியின் மேலேறி, மூடியைத் திறந்து, நாடா விட்டு அளந்து எழுத வேண்டும் என்கிறார்கள்.

இது சரியான ஏற்பாடுதானா? தொட்டிப் பக்கம் நான் முதலில் கவனிக்க வேண்டியவை எவை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_சோக்:

தம்பி, முதலில் இந்த இரண்டு தொட்டிகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம்.

கேஜ் டேங்க் என்பது வளிமண்டல அழுத்தத்தில் நிற்கும் பெட்டி. அதன் வென்ட் குழாய் திறந்த வெளியில் முடிகிறது. எண்ணெயிலிருந்து பிரியும் கேஸ் எல்லாம் அந்த வழியாகக் காற்றில் கலக்கிறது. சர்ஜ் டேங்க் என்பது அழுத்தக் கலன். பெரும்பாலும் 50 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) வரை தாங்கும்படி கட்டியிருப்பார்கள். கேஸ் வெளியேறும் வழியில் கட்டுப்பாட்டு வால்வ், மேலே அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வ், மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் ஒலிக்கும் அலாரம் எல்லாம் உண்டு. அதன் கேஸ் குழாய் வழியே ஃப்ளேருக்குப் போய் எரிகிறது. மூடியைத் திறக்கிற வேலையே கிடையாது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தால் கேஜ் டேங்க் கூடாது என்பது தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, ‘சல்ஃபைடு இல்லையென்றால் கேஜ் டேங்கில் ஆபத்தில்லை’ என்று படிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

ஒரு கணக்குப் போடுவோம். செப்பரேட்டர் 300 பிஎஸ்ஐயில் ஓடுகிறது, அதிலிருந்து வரும் ஒவ்வொரு பேரல் எண்ணெயிலும் இன்னும் 100 கன அடி கேஸ் கரைந்திருக்கிறது என்று வையுங்கள். 2,400 பேரலுக்கு நாளொன்றுக்கு 2,40,000 கன அடி. மணிக்கு 10,000 கன அடி, அதாவது ஏறத்தாழ 283 கன மீட்டர். அத்தனையும் உங்கள் வென்ட் வழியே, ஆட்கள் நடமாடும் இடத்தில் வெளியேறுகிறது. கடைசியில் பிரியும் கேஸில் புரொப்பேன், பியூட்டேன் அதிகம். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. மேலே போய்க் கலைந்துவிடும் என்று நினைக்காதீர்கள்; காற்று அடிக்காத இரவில் தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளம் பார்த்துத் தேங்கும்.

---

களத்தலைவர்:

புதிதாக வந்தவரை இப்படிப் பயமுறுத்த வேண்டியதில்லை. கேஜ் டேங்க் வைத்து எத்தனையோ கிணறுகளைச் சோதித்திருக்கிறோம். சர்ஜ் டேங்க் என்றால் தனி லாரி, தனி கிரேன், தனி ஃப்ளேர் குழாய், கூடுதல் ஆள். சிறிய வேலைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. அதோடு, நாடா விட்டு அளப்பதுதான் நேரான அளவு. மீட்டர் பொய் சொல்லும், தொட்டியின் பக்கத்தில் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயான சைட் கிளாஸ் பொய் சொல்லும். நாடா பொய் சொல்லாது.

---

அளவுகோல்:

களத்தலைவர் ஐயாவின் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. அளவியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

செப்பரேட்டரிலேயே எண்ணெய் மீட்டர் இருக்கும்போது தொட்டி எதற்கு? மூன்று காரணங்கள். முதலாவது, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்க. இரண்டாவது, செப்பரேட்டர் அழுத்தத்திலிருந்து வளிமண்டல அழுத்தத்துக்கு வரும்போது எண்ணெய் எவ்வளவு சுருங்குகிறது என்று அறிய. மூன்றாவது, மீட்டரின் கீழ் எல்லைக்கும் குறைவாகக் கிணறு ஓடும்போது அளக்க. இவற்றில் எதற்குமே தொட்டி இருபத்துநான்கு மணி நேரமும் வரிசையில் இருக்க வேண்டியதில்லை. ஓட்டம் நிலைப்பட்ட பிறகு ஒவ்வொரு சோக் (கிணற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திறப்பு) அளவுக்கும் ஓரிரு முறை தொட்டிக்குத் திருப்பினால் போதும். ‘அரை மணிக்கு ஒருமுறை நாடா’ என்பதே தேவைக்கு மிஞ்சியது.

கணக்கு எப்படிப் போகும் என்றால்: மீட்டர் 40.0 பேரல் காட்டியது. அதே நேரத்தில் தொட்டியில் ஏறியது 36.2 பேரல், வெப்பநிலை 95 டிகிரி ஃபாரன்ஹீட். ஏபிஐ அடர்த்தி அளவுகோலில் 35 உள்ள எண்ணெயை 60 டிகிரிக்குத் திருத்த ஏறக்குறைய 0.983ஆல் பெருக்க வேண்டும், 35.6 பேரல் வருகிறது. அதை 40ஆல் வகுத்தால் 0.89. மீட்டர் பிழையும் சுருக்கமும் சேர்ந்த காரணி இது. தண்ணீரும் வண்டலும் இருந்தால் அதைத் தனியே கழிக்க வேண்டும்.

இனி நாடாவுக்கு வருவோம். 50 பேரல் அறை, உயரம் 2 மீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 4 சதுர மீட்டர். 1 செ.மீ. என்பது 40 லிட்டர், கால் பேரல். 40 பேரலில் 1 செ.மீ. பிசகினால் பிழை 0.6 சதவீதம்தான். சைட் கிளாஸில் ஓர் ஒழுங்கான ஆள் அரை செ.மீ. துல்லியத்தில் படிப்பார். ஆனால் கேஸ் முழுதும் பிரியாமல், மேலே ஒரு சாண் நுரை நிற்கும்போது நாடா விட்டால் எந்தக் கோட்டைப் படிப்பீர்கள்? பிழை அங்கேதான் நுழைகிறது. நாடா, கண்ணாடி என்பதில் இல்லை. காத்திருந்து, நுரை அடங்கிய பிறகு படித்தால் கண்ணாடி போதும்.

கண்ணாடியும் ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். கழுவிய தண்ணீர் கண்ணாடிக் குழாயின் அடியில் தங்கியிருந்தால் மட்டம் குறைவாகக் காட்டும். தொட்டியில் 100 செ.மீ. எண்ணெய், ஒப்படர்த்தி 0.85, கண்ணாடியில் முழுக்கத் தண்ணீர் என்றால் 85 செ.மீ. தான் தெரியும். ஒவ்வொரு நிரப்பலுக்கும் முன் அடி வால்வைத் திறந்து கண்ணாடியை வடித்துவிடுங்கள்.

---

வண்டல்:

தொட்டி சமமாக நிற்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 மீட்டர் நீளத் தொட்டி 1 டிகிரி சாய்ந்தால் இரு முனைக்கும் 7 செ.மீ. வித்தியாசம். கண்ணாடி ஓரத்தில் இருந்தால் அதில் பாதி உங்கள் கணக்கில் ஏறும். ரசமட்டம் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது, பார்ப்பவர்கள்தான் குறைவு.

---

களத்தலைவர்:

அளவியல் எல்லாம் சரி. வாடிக்கையாளரின் பொறியாளர் வந்து நின்று ‘நாடா அளவு எங்கே?’ என்று கேட்டால் இந்தப் பாடத்தை அவரிடமும் நடத்துவீர்களா?

---

பழைய_சோக்:

நடத்துவேன். கையில் ஒரு காகிதத்தோடு நடத்துவேன்.

அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் நியோஷ், ஓஷா ஆகிய இரண்டு அமைப்புகளும் 2016இல் சேர்ந்து ஓர் அபாய எச்சரிக்கை வெளியிட்டன. எண்ணெய்க் களங்களில் தொட்டி மூடியைத் திறந்து கையால் அளப்பது, மாதிரி எடுப்பது பற்றியது. 2010 முதல் 2014 வரை இந்த வேலையில் ஒன்பது பேர் இறந்ததை நியோஷ் கண்டறிந்திருந்தது. கவனியுங்கள், இதை ஹைட்ரஜன் சல்ஃபைடு சாவுகள் என்று ஒதுக்கிவிட முடியாது. மூடியைத் திறந்ததும் எழும் ஹைட்ரோகார்பன் ஆவியும், அது ஆக்சிஜனைத் தள்ளிவிடுவதும்தான் அங்கே முதன்மையாகச் சுட்டப்பட்டவை. புரொப்பேன், பியூட்டேன் செறிவு மிகுந்தால் இதயத் துடிப்பின் லயமே கெட்டுப்போகும். ஆரோக்கியமான ஆள் மூடியருகே சரிந்து கிடப்பார். மாரடைப்பு என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எளிது.

அதே 2016இல், மூடியைத் திறக்காமலே குத்தகைக் களத்தில் உள்ள தொட்டியிலிருந்து கச்சா எண்ணெயை அளந்து கைமாற்றுவதற்கு, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ தனி அளவீட்டுத் தரத்தை, 18.2ஆம் அத்தியாயமாக வெளியிட்டது. காசு கைமாறும் அளவுக்கே மூடிய முறை போதும் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, சோதனைக் கிணற்றில் அரை மணிக்கு ஒருமுறை ஆளை மேலே ஏற்றுவதற்கு என்ன நியாயம்?

மூடி திறக்கும் அந்த நொடியைப் பார்த்திருப்பீர்கள். கொண்டியைத் தளர்த்தியதும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, வென்ட் சரியாக மூச்சுவிடவில்லை என்று பொருள். ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அளவுக்கோடு தெரிய வேண்டும் என்று அந்த ஆவிக்கு நேரே குனிகிறார்கள்.

---

இரவுப்பணி:

நன்றி ஐயா. கேஸ் டிடெக்டரை மார்பில் மாட்டிக்கொண்டு போனால் போதாதா?

---

பழைய_சோக்:

மாட்டத்தான் வேண்டும். ஆனால் அது அலறும் நேரத்தில் உங்கள் முகம் ஆவிக்குள் இருக்கும். எரியும் வாயுவுக்கான டிடெக்டரைப் பொதுவாகக் கீழ் வெடிப்பு எல்லையின் (காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்சச் செறிவின்) 10 சதவீதத்தில் அலற வைத்திருப்பார்கள், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும். தொட்டி மூடியில் இந்த அலாரம் அடிக்காத நாளே இருக்காது. எப்போதும் அடிக்கிற அலாரத்தை ஆட்கள் அணைத்துவிடுவார்கள். இது ஒழுக்கக் குறை மட்டும் அல்ல. வேலையை அமைத்த விதத்தின் குறை.

தவிர்க்கவே முடியாமல் திறந்தால்: காற்றுக்கு முதுகைக் காட்டாதீர்கள், முகத்தையும் காட்டாதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள், ஆவி முகத்திலிருந்து விலகிப் போகும். காற்று முதுகில் அடித்தால் உடலுக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகி ஆவியை மூக்கருகே இழுத்துவரும். கீழே ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மூச்சுக் கருவி காட்சிக்கு அல்ல.

---

வண்டல்:

திட்டத்தில் ‘எதிர்பார்க்கப்படவில்லை’ என்று இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆய்வுக் கிணற்றில் அந்த வாக்கியத்துக்கு மதிப்பே கிடையாது. ‘இன்னும் அளக்கவில்லை’ என்றுதான் படிக்க வேண்டும். முதல் கேஸ் மேலே வந்ததும் சோக் மேனிஃபோல்டிலும் செப்பரேட்டரின் கேஸ் குழாயிலும் டிடெக்டர் டியூப் வைத்து அளந்து, எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் தொட்டிக்கான வால்வைத் தொட வேண்டும்.

இன்னொன்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேனைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். எனவே செப்பரேட்டரிலேயே முழுதும் பிரிந்துவிடாது. ஒரு பங்கு எண்ணெயோடு பயணம் செய்து தொட்டியில் வெளிப்படும். செப்பரேட்டர் கேஸில் காட்டிய அளவைவிடத் தொட்டி ஆவியில் செறிவு அதிகமாக இருக்கலாம். ‘அங்கே 20 பிபிஎம்தானே’ (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்று மூடியைத் திறப்பவருக்குத் தொட்டி வேறு எண்ணை வைத்திருக்கும். 100 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியோஷ் வகுத்த எல்லை. அதே அளவில்தான் மூக்கும் மரத்துப்போகும். வாசனை நின்றுவிட்டதால் கேஸ் போய்விட்டது என்று நம்பியவர்கள் பலர்.

சல்ஃபைடு ஓடிய தொட்டியைப் பிறகு சுத்தம் செய்யத் திறக்கும்போது உள்ளே படிந்த இரும்பு சல்ஃபைடை ஈரமாகவே வைத்திருங்கள். காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே கனன்று எரியும்.

---

களத்தலைவர்:

சரி, மூடியைத் திறக்கும் விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். கண்ணாடியில் படித்துவிட்டுப் போகட்டும். அதற்காக கேஜ் டேங்கையே தூக்கி எறியச் சொல்வது அதிகம்.

---

பழைய_சோக்:

தூக்கி எறியச் சொல்லவில்லை. மூடியைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று: செப்பரேட்டரிலிருந்து கேஸ் பாய்ந்து வருவது.

இரவுப்பணி, உங்கள் குழாய் வரைபடத்தைக் கையில் எடுங்கள். செப்பரேட்டரில் 300 பிஎஸ்ஐ. தொட்டியில் சுழியம். நடுவே இருப்பது ஒரே ஒரு மட்டக் கட்டுப்பாட்டு வால்வ். அதைத் திறந்துமூடச் சொல்வது ஒரு மிதவை. மணலோ மெழுகோ அடைத்து வால்வ் திறந்தபடி சிக்கிவிட்டால் செப்பரேட்டரில் உள்ள எண்ணெய் வடிந்துவிடும். அதற்குப் பின் அதே குழாயில் வருவது முழுக் கேஸ். மணிக்கு 10,000 கன அடி என்று மேலே சொன்னேனே, அது எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது. இந்த நேரத்தில் எவ்வளவு பாயும் என்பதை வால்வின் திறப்பு அளவுதான் தீர்மானிக்கும். கேஜ் டேங்கின் வென்ட் அதற்காகப் போடப்பட்டதல்ல. தொட்டியின் கூரைத் தகடு உப்பி, தையல் கிழியும். எண்ணெயும் கேஸும் ஒன்றாகச் சிதறும்.

ஆகவே சர்ஜ் டேங்க் இல்லாவிட்டால் குறைந்தபட்சம் நான் கேட்பவை: செப்பரேட்டரில் எண்ணெய் மட்டம் இறங்கினால் தானே அடைக்கும் தனி வால்வ், அது மட்டக் கட்டுப்பாட்டு மிதவையைச் சாராமல் தனி உணரியோடு இருக்க வேண்டும். தொட்டிக்குத் திருப்பியிருக்கும் நேரம் முழுதும் செப்பரேட்டர் கண்ணாடியருகே ஓர் ஆள் நிற்க வேண்டும். அவருடைய கைக்கெட்டும் தூரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான். தொட்டிக்கு முன்னால் வால்வை மூடும் ஆளும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவோ கேட்கவோ முடிய வேண்டும்.

வென்ட் பற்றி ஒரு வார்த்தை. இடத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று தொட்டி வென்ட்டைச் செப்பரேட்டரின் ஃப்ளேர் குழாயோடு சேர்த்துவிடும் புத்திசாலிகள் உண்டு. செப்பரேட்டர் ரிலீஃப் வால்வ் தூக்கினால் அந்தக் குழாயில் எழும் அழுத்தம் நேரே தொட்டிக்குள் வரும். வென்ட் தனியாக, காற்று அடித்துச் செல்லும் பக்கமாகப் போக வேண்டும்.

---

மின்னோட்டம்:

வென்ட்டில் ஃப்ளேம் அரெஸ்டர் இருக்கிறது, ஆகவே தீ உள்ளே வராது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: குழாய் முனையில் பொருத்தும் வகை, முனையில் இருந்தால்தான் வேலை செய்யும். அதற்கு அப்பால் நீளமாகக் குழாயை நீட்டினால் தீச்சுடர் குழாய்க்குள் வேகம் பிடித்து அரெஸ்டரைத் தாண்டிவிடும். அங்கே வேறு வகை வேண்டும். அதோடு அதன் உள் வலை மெழுகாலும் துருவாலும் அடைபடும். அடைபட்ட அரெஸ்டர் என்றால் வென்ட்டே இல்லாத தொட்டி. ஒவ்வொரு வேலைக்கும் முன் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

அடுத்து நிலைமின்சாரம். தொட்டி, பம்ப், செப்பரேட்டர், லாரி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்து எர்த் செய்த பிறகுதான் குழாய் இணைப்பு. பிரிக்கும்போது குழாய் முதலில், எர்த் கம்பி கடைசியில். பெயிண்ட் மேல் கவ்வி வைத்துவிட்டு எர்த் செய்தாயிற்று என்று சொல்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டுக் கவ்வுங்கள்.

மேலிருந்து கொட்டி நிரப்பாதீர்கள். உள்ளே நுழையும் குழாயின் முனை எண்ணெயில் மூழ்கும்வரை வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. கச்சா எண்ணெய் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். மின்னூட்டம் சீக்கிரம் வடிந்துவிடும். வெளிர்நிறக் கண்டன்சேட் (கேஸோடு வரும் இலகுவான எண்ணெய்) அப்படியில்லை, பிடித்துவைத்துக்கொள்ளும். அதில் தண்ணீர்த் துளிகள் கலந்திருந்தால் அவை கீழே இறங்க இறங்க மின்னூட்டம் பெருகும். நிரப்பி நிறுத்திய பிறகு 30 நிமிடம் காத்திருந்து அளப்பது பெரிய தொட்டிகளுக்கான வழக்கம். இங்கே எப்படியும் நுரை அடங்கக் காத்திருக்கத்தான் வேண்டும், ஆகையால் நேரம் வீண் என்ற பேச்சுக்கே இடமில்லை. நைலான் கயிற்றில் உலோகக் குப்பியைக் கட்டி மாதிரி எடுப்பது கூடவே கூடாது. இடி மின்னல் வானத்தில் தெரிந்தால் தொட்டிப் பக்கம் யாரும் ஏறக் கூடாது.

---

இரவுப்பணி:

எல்லோருக்கும் நன்றி. சேமிப்புத் தொட்டிகள் பற்றியும் சொல்லுங்கள். அவை வெறும் பெட்டிகள்தானே என்று இங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை.

---

பழைய_சோக்:

வெறும் பெட்டிகள் என்பதாலேயே பொருட்படுத்த வேண்டும். அவை உப்பிக் கெடுவதைவிடச் சப்பிக் கெடுவது அதிகம்.

ஒரு களத்தில் சேமிப்புத் தொட்டிக்குப் பெயிண்ட் அடித்தார்கள். வென்ட்டுக்குள் பெயிண்ட் தெறிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டினார்கள். வேலை முடிந்தது, பை அப்படியே நின்றது. மறுநாள் பம்பை ஓட்டி எண்ணெயை இறக்கும்போது பக்கச் சுவர் ஒருமுறை ‘டங்’ என்றது. ஆட்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் சுவர் உள்ளே மடிந்திருந்தது. பம்பை இயக்கியவர் மீது தவறில்லை. அவருக்குப் பை இருப்பதே தெரியாது.

கணக்கு எளிது. 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரமுள்ள சுவரின் மேல் வெறும் 1 பிஎஸ்ஐ வெற்றிடம் உண்டானால் வெளிக்காற்று ஏறத்தாழ 10 டன் எடையோடு அழுத்தும். தட்டைச் சுவர்த் தொட்டி அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது. ஆகவே பம்பை ஓட்டும் முன் வென்ட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். அழுத்தம்–வெற்றிடம் இரண்டுக்கும் திறக்கும் வால்வ் இருந்தால் அதன் தட்டைக் கையால் தூக்கி, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஆவி போக்கும் வேகம் நிரப்பும் வேகத்துக்கும், காற்று உள்ளிழுக்கும் வேகம் பம்ப் இறக்கும் வேகத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

---

வண்டல்:

நிரம்பி வழிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2,400 பேரல் ஓட்டத்தில் 50 பேரல் அறை 30 நிமிடத்தில் விளிம்பைத் தொடும். 40 பேரலில் நிறுத்துவது என்று வைத்தால் உங்களுக்கு 24 நிமிடம். கிணறு நினைத்ததைவிட வேகமாக ஓடி 4,800 ஆனால் 12 நிமிடம். இந்த இடைவெளியில் அடுத்த அறைக்கு மாற்ற வேண்டும், முதல் அறையில் மட்டம் படிக்க வேண்டும், பிறகு பம்ப் வைத்து இறக்க வேண்டும். ஒரே ஆள் செய்கிற வேலையா இது?

2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து, எழுந்த ஆவி மேகம் வெடித்தது. மட்டமானி ஒரே இடத்தில் சிக்கி நின்றது. அதற்குக் காவலாக வைத்திருந்த தனி உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. அது கிணற்றுச் சோதனை அல்ல என்று யாராவது சொல்வார்கள். ஊசி நகராமல் நிற்பதைப் பார்த்து ‘மட்டம் நிலையாக இருக்கிறது’ என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது. உள்ளே எண்ணெய் ஓடுகிறது, ஊசி நகரவில்லை என்றால் ஊசிதான் கெட்டிருக்கிறது.

---

நெறியாளர்:

இழையில் நிறுவனப் பெயர் போட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நடந்ததைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.

---

களத்தலைவர்:

பெயர் போட்டது நானில்லை! ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: மட்டம் இறங்கினால் அடைக்கும் தனி வால்வ் இல்லாத செப்பரேட்டரோடு கேஜ் டேங்கை இணைக்க நானும் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் சர்ஜ் டேங்க் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். ரிலீஃப் வால்வ் திறக்கும்போது கேஸ் ஃப்ளேருக்குப் போகாமல் நேரே தொட்டித் தலையில் கக்கும்படி விட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். 50 பிஎஸ்ஐ கலனுக்குள்ளும் 300 பிஎஸ்ஐ செப்பரேட்டர் கேஸ் பாயலாம்; ரிலீஃப் வால்வின் அளவு அந்த நிலைமைக்குக் கணக்கிடப்பட்டதா என்று கேட்க வேண்டும். தாள் வாங்கிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

---

பழைய_சோக்:

இதில் ஐயாவோடு முழு உடன்பாடு.

---

இரவுப்பணி:

இன்று கூட்டம் நடந்தது. அரை மணி நாடா அளவு நீக்கப்பட்டது. ஒவ்வொரு சோக் அளவிலும் நிலைப்பட்ட பிறகு தொட்டியில் ஒரு நிரப்பல், கண்ணாடியில் படிப்பது என்று மாற்றிவிட்டார்கள். சர்ஜ் டேங்க் வருகிறது. கேஜ் டேங்கைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள். முதல் கேஸில் சல்ஃபைடு அளந்து எழுதும்வரை தொட்டி வால்வுக்குப் பூட்டு.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. சர்ஜ் டேங்கில் அழுத்தம் வைத்து அளந்தால், அளவுகோல் சொன்ன சுருக்கக் கணக்கு தப்பாகாதா? வளிமண்டலத்துக்கு வரவில்லையே.

---

அளவுகோல்:

நல்ல கேள்வி. ஆம், 30 பிஎஸ்ஐயில் நிற்கும் எண்ணெயில் இன்னும் கொஞ்சம் கேஸ் கரைந்திருக்கும். அந்த அளவை ‘தொட்டி எண்ணெய்’ என்று எழுதினால் உற்பத்தியைக் கூட்டிக் காட்டுவீர்கள். இரண்டு வழி உண்டு. நிரப்பி, இரு பக்க வால்வையும் மூடிய பிறகு, கேஸ் கட்டுப்பாட்டு வால்வைத் திறந்து அழுத்தத்தை மெதுவாக ஃப்ளேர் குழாயின் எதிரழுத்தம் வரை இறக்குங்கள். மட்டம் நின்றதும் மறுபடி படியுங்கள். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசமே மீதிச் சுருக்கம். இது முடியாத இடத்தில் அழுத்தத்தோடு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

எதைச் செய்தாலும் தாளில் தொட்டி அழுத்தம், தொட்டி வெப்பநிலை, படித்த நேரம் மூன்றும் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அறிக்கை எழுதுபவர் அந்த எண்ணைத் திருத்தத் தேவையானவை அவை.

---

பழைய_சோக்:

அழுத்தத்தை இறக்கும்போது மெதுவாக. வேகமாக இறக்கினால் நுரை பொங்கி கேஸ் குழாய் வழியே எண்ணெய் ஃப்ளேருக்குப் போகும். கேஸ் குழாயின் தாழ்வான இடத்தில் வடிகால் இருக்கிறதா என்று தொட்டி வந்திறங்கும் அன்றே பாருங்கள்.